வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஆமை புகுந்த வீடு உருப்படாதென்றார் பொய்யாமொழி,
மேல்கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டபடி.
"வீடுன்னாதானே" என்றேன்.
ஃபலஜ் அல் கபாயிலில், மசூதிக்குப் பின்சந்து,
மூன்றாம் மாடி, ஆறு கட்டில், ஒரு ஏசி.
பழமொழி இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்காது.

அட்டையில் ஆமை.
அதன் முதுகில் நகரம்:
மதில், மாடம், காயும் துணி, புகையும் அடுப்பு.
இரண்டு கிலோ முந்நூறு கிராம்.
திருச்சியில் எடைத்தட்டு சிவப்பு காட்ட
மாகாளிக்கிழங்கு ஊறுகாயை எடுத்து வெளியே வைத்துவிட்டுப்
புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார் ஞானதிரவியம்.
இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

எல்லோரும் பார்த்த படம்தான்.
மழை மறந்த ஆண்டில்
ஒரு ராஜ்ஜியமே எழுந்து நீர் தேடி நடக்கும்.
பதினேழு முறை பார்த்திருக்கிறேன்,
அதில் ஒன்பது கைப்பேசியில்.
படத்துக்கு இருபத்தைந்து வயதானபோது
வாணியம்பாடியிலிருந்து மெஹருன்னிஸா அறிவித்தார்:
ஆளுக்கொரு பக்கம். கூலி கிடையாது. பிரதி ஒன்று.

அறுபது பேர் வரைந்திருக்கிறார்கள்.
பதினான்கு பேருக்கு ராணிதான் வேண்டும்.
தூத்துக்குடிப் பல் மருத்துவர் ஒருவர்
ஆமையின் கண்ணை மட்டும் இரண்டு பக்கத்துக்கு விரித்திருக்கிறார்,
கண்ணுக்குள் கிணறு, கிணற்றுக்குள் அறுந்த வாளி.
மூன்று தலை மந்திரவாதிக்கு
மூன்றிலும் மாமனார் முகத்தை வைத்தவரும் உண்டு.
ஒரு பெண் வெறும் புழுதி வரைந்திருக்கிறாள்,
ஆமை கடந்துபோன பிறகான புழுதி.
அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமானது.

நான் காற்றுக்குழாய் வரைகிறவன்.
எந்தக் கூரைக்குள் குளிர் எப்படி வளைந்து போகணும் என்று
பதினோரு வருடமாகக் கோடு போடுகிறேன்.
ராணியின் மூக்கு எனக்கு வராது.

ஞாபகமிருக்கிறதா,
ஆமை முதல் அடி வைக்குமுன்
நகரத்தின் கதவை வெளியிலிருந்து தாழிட வேண்டும்.
உள்ளிருந்து போட்ட தாழ் நிற்காது என்பது சாபம்.
ஒருவன் இறங்குவான். போடுவான்.
சரியாக விழுந்ததா என்று ஒருதரம் ஆட்டிப் பார்ப்பான்.
நான்கு விநாடி.
பெயரில்லை, வசனமில்லை,
அதற்குள் பாட்டு வந்துவிடும்.

அவனை வரைந்தேன்,
கம்பெனி நிராகரித்த வரைபடத்தின் பின்பக்கம்,
நீலப் பேனாவில், இருபத்திரண்டு மதிய இடைவேளைகள்.
கதவில்லை அதில். நகரமில்லை.
ஆமையின் காலடிப் பள்ளமொன்றில் உட்கார்ந்து
அவன் சோறு தின்கிறான்.
தூக்குவாளி மூடியில் ஊறுகாய்.
("படத்துலயாவது இருக்கே" என்றார் ஞானதிரவியம்.)

மெஹருன்னிஸா கேட்டார்:
இந்தக் காட்சி எங்கே வருகிறது?
படம் முடிந்த பிறகு, என்று எழுதினேன்.
இரண்டு நாள் பதிலில்லை.
மூன்றாம் நாள்: "சோற்றில் ஆவி வரட்டும்."
ஆவிக்கு மட்டும் இன்னும் நான்கு மதியம்.

இதோ எண்பத்தெட்டாம் பக்கம்.
கீழே என் பெயர், சந்தியாகு.
சோஹார் என்ற ஊர் 'சோகர்' என்று அச்சாகியிருக்கிறது.
நாங்கள் அப்படியொன்றும் இல்லை.

இரவு டேக் பகதூர் மடியில் வைத்துப் புரட்டினான்.
நேபாளி, படம் பார்த்ததில்லை.
திறந்த பக்கத்திலிருந்து கதை சொன்னேன், எனக்கு வந்த இந்தியில்.
முதலில் மழை பெய்தது,
பிறகு பஞ்சம்,
அதற்கும் பிறகு ராணி பிறந்தாள்.
அவன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.
எச்சில் தொட்டுப் புரட்டாதே என்று மேலேயிருந்து அதட்டல்.

எண்பத்தெட்டில் நின்றான்.
"பஸ்ஸுக்கா நிற்கிறான்?"
"இல்லை. ஊர் போய்விட்டது. இவன் மட்டும் மிச்சம்."
குனிந்து பார்த்தான்.
"சோறு சுடுதே. யார் சமைச்சாங்க?"

பதினேழு தடவை பார்த்தவன் நான்.
ஆவியைக் கோடு கோடாக வரைந்தவன் நான்.

நாளைக்கு யார் முறை என்றார் பொய்யாமொழி.
என் முறை என்றான் டேக் பகதூர்,
விளக்கை அணைக்கப் போனான்.
"இரு" என்றேன்.

அச்சான புத்தகத்தில் கிறுக்கக் கூடாதுதான்.
பள்ளத்தின் விளிம்பில், ஓரத்து வெள்ளையில்,
வாசலில் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து
ஒரு ஜோடி செருப்பு போட்டேன்.
இடது வாரில்
அவன் சுற்றியிருந்த செம்புக் கம்பியையும்.