நாற்காலி

ஐஸ் கம்பெனிக் கணக்கை மூடிவிட்டு
அதே கம்ப்யூட்டரில்தான் என் பாட்டு.
பியானோ என்று போட்டால்
தகர டப்பாவில் ஆணி விழும்.
"கொசுவே தேவலாம்" என்பான் ரெக்சன்.

சவுண்ட்ஃபான்ட், நூற்றுநாற்பது எம்பி.
தங்கச்சிமடத்தில் இரண்டு தடவை கரண்ட் போய்
விசைப்படகுகள் திரும்புகிற நேரத்துக்கு
இறங்கி முடிந்தது.

அதே மெட்டு, ஒரு நோட்டுகூட மாற்றவில்லை.
உப்பேறிய ஸ்பீக்கரில்
மரம், கம்பி, கம்பளி சுற்றிய சுத்தியல்,
யாரோ ஒருவரின் அறை.

கீழ் சி வரும்போதெல்லாம்
ஒலி தேய்ந்து அடங்கும் இடத்தில்
ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது.
வாசித்தவர் அசைந்திருக்கிறார்.
எந்த ஊரோ, என்ன குளிரோ.

வெட்டிவிடச் சொன்னான் ரெக்சன்.
நான் அந்த சி-யை
இன்னும் நாலு எண்ணிக்கை இழுத்துப் பிடித்தேன்.

உட்காருங்க.
இன்னும் முடியலை.