பதினேழு மைல்

பாதை மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு மைலுக்கு மேல்.
எங்கள் பங்கு பதினேழு.
ரொட்டியின் ஓரத்தை எலி கொறித்த மாதிரி.
அதற்கே ஆறு வாரமாய்ச்
சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை.
வரைபடம் சுருண்டுகொள்ளாதிருக்க
மூலைக்கொன்றாய் உப்புக் குப்பி, சுத்தியல்,
டெலியாவின் பல் கம்பி டப்பா,
தர்ஸ்டன் குடித்து முடிக்காத காபி.
நின்றபடியே சாப்பிடுகிறோம்.

எல்க் கார்டனில் ஏறி ஃபாக்ஸ் கிரீக்கில் இறங்குவது.
இரண்டு இரவு. இடையில் மொட்டை முகடு;
இடி வந்தால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது,
மரம் இருந்தாலும் ஒதுங்கக் கூடாது
என்று தர்ஸ்டன் மூன்று தரம் படித்துக் காட்டினான்.
கரடிக்கென்று வாங்கிய டப்பாவைத்
திறக்க அவனுக்கே இருபது நிமிடம்.
உள்ளே கடலை வெண்ணெய்.
பசியோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

எமெட்டுக்கு ஆறு வயது.
மரத்துக்கு மரம் வெள்ளைப் பட்டை இருக்கும்,
அதைப் பார்த்தே நடக்க வேண்டும் என்று
சொன்னதுதான் தப்பு.
படுக்கையறையிலிருந்து கழிப்பறை வரை
காகிதம் வெட்டி ஒட்டிவிட்டான்.
திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக.
ராத்திரி எனக்கும் அது உதவியது, மறுக்கவில்லை.

நான் ரோனோக் தபால் நிலையத்தில் பொதி நிறுப்பவள்.
கையில் வாங்கியதும் அவுன்ஸ் சொல்வேன்.
என் பையை மட்டும் தராசில் வைக்காமல்
நாளைக்கு நாளைக்கு என்றிருந்தேன்.
எமெட்டின் பையில் மழைச்சட்டை, விசில்,
ஒரு மர டிராக்டர்.
பதினொரு அவுன்ஸ். வேண்டாம் என்றேன்.
"குதிரைக்குக் காட்டணும்."
அங்கே குதிரைகள் காட்டுத்தனமாய்த் திரிபவை,
எதுவும் தரக்கூடாது.
"தரலையே. காட்டத்தானே போறேன்."

டெலியாவுக்குப் பதிமூன்று.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
பாதியில் வேண்டாமென்றால் எங்கே வெளியேறலாம்?
தர்ஸ்டனுக்கு முகம் விழுந்துவிட்டது.
கிளம்புமுன்னே திரும்புகிற பேச்சா என்றான்.
அவள் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு
வரைபடத்தின்மேல் குனிந்துவிட்டாள்.

சனிக்கிழமை அவள் பையை நிறுத்தேன்.
பன்னிரண்டு பவுண்டு. முள் அசையவில்லை.
திறந்து பார்த்தேன்; பார்த்திருக்கக் கூடாது.
சுருட்டிய காலுறைக்குள் பல் துலக்கி.
தலைவிளக்கு கைக்கெட்டும் மேல் பையில்.
ஒன்றும் இரண்டாக இல்லை, ஒன்றும் குறையவும் இல்லை.
எங்கே கற்றாய் என்று கேட்டேன்.
"வெள்ளிக்கிழமைகளில்," என்றாள்.

ஒரு வாரம் பிளாக்ஸ்பர்கில் அம்மா வீடு,
ஒரு வாரம் இங்கே.
ஐந்து வருஷம்.
நான் கணக்குப் போட்டேன், பாதியில் நிறுத்தினேன்.
இந்த வீட்டில் மூன்று பேர்தான் முதல்முறை போகிறோம்.

பிறகு அவள் என் பையைத் தரையில் கொட்டினாள்.
இரண்டாவது கால்சட்டை, வெளியே.
இரும்பு வாணலி, வெளியே. அதைத் தூக்கும்போது
"நிஜமாவா, வில்மா?" என்றாள்.
(பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.)
தடித்த புத்தகம், தலையணை உறை,
எதற்கென்று எனக்கே தெரியாத கயிறு.
ஏழு பவுண்டு குறைந்தது.
வெற்றிடத்தில் டிராக்டரைச் செருகினாள்,
சக்கரம் முதுகைக் குத்தாத பக்கமாக.
"இதை நீங்க தூக்குங்க."

இன்று காலை வரைபடத்தை மடிக்கும்போதுதான்
சிவப்புக் குறிகளைப் பார்த்தேன்.
மாஸி கேப் அருகே ஒரு குறுக்குக் கோடு,
ஸ்கேல்ஸில் ஒன்று, ஜீப் வரும், மெதுவாக.
மூன்றாவது ஃபாக்ஸ் கிரீக்.
அது முடிவு, நாம் காரை நிறுத்தப்போகும் இடம்.
வெளியேறும் வழிகளில் அதையும் சேர்த்திருக்கிறாள்.
நான் அழிக்கவில்லை.

வியாழன் மழை என்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.