இசக்கியம்

லூர்துராஜ் கொண்டுவந்த தட்டுகள் ஆறு.
பீடிக் கம்பெனியைப் பூட்டிய அன்றைக்கு
மேசை டிராயரை அப்படியே
மஞ்சப்பையில் கவிழ்த்துக்கொண்டு வந்த கணக்கர்.
"ஆயிரத்து முந்நூறு பொம்பளைய இதுக்குள்ள இருக்காவ வே."
ஐந்தேகால் அங்குலத் தட்டு.
அதைப் படிக்கும் டிரைவுக்கு முக்கூடலில் எங்கே போக?
மதுரைக்கு அனுப்பினேன்.
நாலு, பென்டிரைவில் படிமமாகத் திரும்பின.
இரண்டைப் பூஞ்சை படித்துவிட்டிருந்தது.

இனி வேண்டியது அந்தக் காலத்து எந்திரம்;
அல்லது அந்த எந்திரமாக
வேஷம் கட்டி ஆடும் ஒரு எமுலேட்டர்.

முதலில் கடையின் விண்டோஸ்.
இறக்கி முடிக்குமுன் வைரஸ் காவலன்
கோப்பைப் பிடித்து அடைத்துவிட்டான்.
ஜாமீன் எடுத்தேன். பயாஸ் எங்கே என்றது. கொடுத்தேன்.
ஓடியது. ஓடியதென்றால்
மெனு வந்ததும் போனதும் கண்ணில் படாத ஓட்டம்.
சுழற்சியை மூவாயிரத்துக்கு இறக்கி
சந்தை நாள் டவுன் பஸ்ஸாய் அதை ஊரவிட்ட நேரம்
'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்.'
ஒன்றரை மணி நேரம்.

கொடைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்தான்
சங்கரபாண்டி, தோளில் மேக்.
எழுதியவர் யாரென்று தெரியாத நிரலை
திறக்கமாட்டேன் என்றது அது.
வலது கிளிக்கில் வழி இருந்தது.
சேமிக்க எஃப் பத்து என்றார் லூர்துராஜ்.
அழுத்தினேன். மேக் ஊமையானது.
விசைகளை மாற்றி வைப்பதற்குள்
மேளம் கேட்டு அவன் மடக்கிக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் சுபைதாவின் இலவச லேப்டாப்,
அதில் லினக்ஸ்.
அனுமதி இல்லை என்றது. கொடுத்தேன்.
கோப்பு இல்லை என்றது.
கண்ணெதிரே கிடக்கிறது கோப்பு!
பெரிய எழுத்தில் இருந்ததைச்
சின்ன எழுத்தில் கூப்பிட்டிருக்கிறேன்.
"எங்க உம்மாவும் இப்படித்தான்,
முழுப்பேரச் சொன்னாத்தான் திரும்பும்" என்றாள் சுபைதா.

திரும்பியது. உரிமம் முடிந்தது என்றது.
கட்டச் சொல்ல அந்தக் கம்பெனியும் இல்லை.
எமுலேட்டரின் கடிகாரத்தைப் பிடித்துப்
பின்னால் தள்ளினேன்.
உள்ளே தொண்ணூற்றைந்து.
வெளியே தென்காசி பஸ்ஸின் ஹாரன்.

பேர்கள் வந்தன.
பேருக்கு எட்டே எழுத்து, அதுவும் இங்கிலீஷில்.
முப்பிடாத். பேச்சியம். இசக்கியம்.
இசக்கியம். இசக்கியம். இசக்கியம்.
நாற்பத்து மூன்று இசக்கியம்.

பென்ஷனுக்கு அலையும் இசக்கியம்மாள்
என் எதிரே ஸ்டூலில்.
"கார்டு நம்பரு?"
"கரையான் தின்னுட்டு."
கொஞ்சம் யோசித்தாள்.
"வாராவாரம் கணக்கு இருக்குல்லா?
ஆனியில மூணு வாரம் வெறுசாக் கெடக்கும் பாரு.
மூத்தவ பொறந்தா.
நாலாம் வாரம் ஆயிரம் பீடி. அதுல எரநூறு கழிவு.
புள்ளைய மடியில போட்டுக்கிட்டுச் சுத்துனது,
கோணிப் போச்சு."

இப்படித் தேட அந்த நிரலில் வழி இல்லை.
ஒவ்வொரு இசக்கியமாகத் திறந்து மூடினேன்.
முப்பத்தொன்றாவது.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
ஆயிரம். கழிவு இருநூறு.

நான் எழுத்துக்கூட்டிச் சொல்லுமுன்
அவள் புடவையை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

பிரிண்டர் போர்ட்டைக் கோப்புக்குத் திருப்பி,
கோப்பைத் தாளாக்கி,
சேர்ந்த தேதி, நின்ற தேதி, பதினோரு வருஷம்.
கையில் கொடுத்தேன்.
கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"கழிவையும் அடிச்சுக் குடு."
"ஆபீசுல அத கேக்க மாட்டாவ."
"நான் கேக்கேன்."

எல்லா வரிசைக்கும் அடியில்
கூட்டுத்தொகை காட்டும் நிரல்.
கழிவு வரிசைக்கு அடியில் மட்டும் வெற்றிடம்.
லூர்துராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அது கேக்கல அப்ப" என்றார். "மொதலாளி கேக்கல."

சுபைதா கால்குலேட்டரை எடுத்து
முதல் வாரத்தில் விரலை வைத்தாள்.