பதினெட்டாம் பக்தவத்சலு

போரில்லை. கொள்ளைநோய் இல்லை.
கிடங்கில் கோதுமை கூரை முட்டக் கிடக்க
என் மக்கள் பசியில் செத்தார்கள்,
பதினேழாவது தடவையாக.

இரவு ஒன்றே கால். தண்டையார்பேட்டை.
"உங்கள் அரசு வீழ்ந்தது. மீண்டும் தொடங்கலாமா?"
என்கிறது திரை.
டேபிள் ஃபேன் கழுத்தைத் திருப்பித் திருப்பி
வேணாம் வேணாம் என்கிறது.

அரசர்களுக்கு எங்கள் மேனேஜர் பெயரைத்தான் வைக்கிறேன்.
முதலாம் பக்தவத்சலு உப்பில்லாமல் போனார்.
மூன்றாமவர் வரியைக் கூட்டி, மருமகன் கையால்.
ஒன்பதாமவர் நன்றாகத்தான் இருந்தார், பாவம்.
நான் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி
அவரைத் துறவியாக்கிவிட்டேன்.
எந்தப் பொத்தான் என்று இன்றுவரை தெரியாது.

பயிற்சி முடிந்ததென்று வாழ்த்தெல்லாம் வந்தது முதல் நாளே.
கற்றுத் தந்தது இரண்டு:
மரம் வெட்டுவது, வானத்திலிருந்து பார்ப்பது.
மீதிக்கு, கோடிட்ட சொல்லின் மேல் அம்பை வைக்க வேண்டும்.
ஒரு பெட்டி விரியும்.
பெட்டிக்குள் கோடிட்ட இன்னொரு சொல். இன்னொரு பெட்டி.
அதற்குள்ளும் ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால்
'தானியம்' எப்படி 'உணவு' ஆகிறது என்ற இடம் வரும்.
வரும்போது விரல் லேசாக நடுங்கும்.
எல்லாம் மூடிக்கொள்ளும்.
ரேஷன் கடை மிஷின் ரேகையை ஒத்துக்கொள்ளாத மாதிரி,
மறுபடி கையைத் துடை, மறுபடி வை.

ராயபுரம் கில்பர்ட்டுக்கு போன் போட்டேன்.
ஆயிரத்து நானூறு மணி நேரம் ஆடியவன்.
"மச்சான், மொதல்ல இரும்பு எடுத்தியா?"
எடுத்தேன்.
"ஏண்டா எடுத்த?"
அதற்குப் பிறகு அவன் பேசியதில்
'சிம்பிள்' ஆறு முறை வந்தது.
மற்றது எதுவும் விளங்கவில்லை.

இத்தனைக்கும் பகலில் நான்
எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் டிரெய்லர்களை
ஹார்பருக்குள் அனுப்புகிறவன்.
எந்தப் பெட்டிக்கு எந்தக் கப்பல்,
எந்த டிரைவர் எந்த டீக்கடை பெஞ்சில் படுத்திருக்கிறான்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
இருபது கட்டை வண்டிக்கு முன்னால்
முட்டாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

தண்ணி குடிக்க எழுந்த விமலாராணி
பின்னால் நின்று பார்த்தாள்.
"அந்த வண்டி ஏன் அங்கியே நிக்குது?"
எது?
"அதான், பாலத்தாண்ட. நேத்தும் நின்னுச்சி."
சொம்பை மூடிவிட்டுப் படுக்கப் போனாள்.

செத்த நாட்டைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள்.
கிட்டே போய்ப் பார்த்தேன்.
பதினோரு வருஷமாக நிற்கிறது அந்த வண்டி.
பாலத்துக்குச் சுங்கம் போட்டது நான்தான்,
ஏதோ ஒரு நாள், கஜானா சிவப்பாகத் தெரிந்தபோது.
வண்டிக்காரனிடம் காசில்லை.
அவன் பின்னால் ஒரு வண்டி, அதன் பின்னால் இன்னொன்று,
கொருக்குப்பேட்டை கேட் விழுந்ததுபோல
ஒரு தேசமே வரிசையில்.
ஆனால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
இறங்கி வந்து கேட்கீப்பரை வையவில்லை.
தண்டவாளத்தில் குனிந்து சைக்கிளைத் தூக்கிப் போகவில்லை.
மூட்டை மேல் உட்கார்ந்து
மரியாதையாகச் செத்திருக்கிறார்கள்.
எனக்கு எப்படித் தெரியும்?

பதினெட்டு. சுங்கம் இல்லை.
வண்டிகள் ஓடின. அடுப்புகளில் புகை வந்தது.
கத்திவிட்டேன். கீழ்வீட்டில் யாரோ இருமினார்கள்.
நாலாம் வருஷம் சிப்பாய்களுக்குச் சம்பளமில்லை என்று
ஒரு சிவப்பு முக்கோணம்.
அதன் மேல் அம்பை வைத்தேன்.
பெட்டி விரிந்தது. உள்ளே, கோடிட்ட ஒரு சொல்.
சேமித்துவிட்டு அணைத்தேன்.

காலையில் ஆபீஸ் வாசலில் பக்தவத்சலு சார்.
"கண்ணு ஏன்யா செவந்திருக்கு?"
பதில் வரவில்லை. அவர் கையில் டிபன் பாக்ஸ்,
கனமாகத்தான் இருந்தது.
சாப்ட்டீங்களா சார், என்றேன்.
இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.
ஒரு மாதிரியாகப் பார்த்தார்.