போதுமான சாயல்

சொஹார் லாரி நிறுத்தத்துக்குப் பின்னால்
எருக்கைத் தவிர எதுவும் பிழைக்காத மணலில்
வெந்தய வரியன் பறக்கிறது,
அவசரமே இல்லாமல்,
கடன் அடைத்தவன் நடக்கிற மாதிரி.
எருக்கிலை தின்று வளர்ந்த உடம்பு.
தின்றால் குமட்டும்.

பிப்ரவரியில் ஒரு கொண்டைக்குருவி, இளசு,
அதில் ஒன்றை விழுங்கிவிட்டு
தண்ணீர்க் குழாய்மேல் உட்கார்ந்து
மூன்று தடவை கக்கியது.
மாப்பை ஊன்றிக்கொண்டு பார்த்தேன்.
அன்றிலிருந்து அதற்கு
ஆரஞ்சு என்றாலே வயிறு புரட்டல்.

அந்தப் புரட்டலில் பிழைக்கிறது இன்னொரு பூச்சி.
விஷமில்லை. நல்ல தீனி.
ஆண் கறுப்பு, வெள்ளைப் பொட்டுகளோடு
சொந்த முகத்தில் திரிகிறது.
பெண்தான் ஆரஞ்சு உடுத்தி, கறுப்பில் ஓரம் வைத்து
அந்த நிதானத்தையும் இரவல் வாங்கிப் பறக்கிறாள்.
தைத்தது அவளல்ல.
ஏமாறாத குருவிகள்
யுகயுகமாய்ப் பிசிறுகளைக் கொத்தித் தின்று
மிச்சம் வைத்த துணி.
பின்சிறகில் மூன்று புள்ளி வேண்டிய இடத்தில்
ஒன்றே ஒன்று.
குருவி எண்ணுவதில்லை.
எண்ணாதவரை ஒன்றே போதும்.

என் நீலச் சட்டையில் குளோரி என்று எழுதியிருக்கிறது.
குளோரி ஊர் போய்விட்டாள்,
சட்டையையும் அட்டையையும்
நாற்பது ரியாலுக்கு எனக்கு விட்டுவிட்டு.
அர்பாப் வீட்டுப் பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தி வந்தவள் நான்;
பாஸ்போர்ட் அங்கேதான், அலமாரியில்.
படத்தில் அவளுக்குக் கூர்மூக்கு. எனக்குச் சப்பை.
சோதனைக்காரர் பார்ப்பது
நீலம், வாளி, குனிந்த தலை.
குனிவதற்கு ஒரு வாரம் பழகினேன்.
மூக்குக்குத் தேவைப்படவில்லை.

பிறகு தவமணி வந்தாள்,
நேபாளத்து பிம்லா, பேர் சொல்லாத இருவர்,
எல்லாரும் இதே நீலத்தில்.
நீலம் மலிந்தது.
கக்க வைக்காத ஆரஞ்சு பெருகினால்
குருவிக்குக் கொத்திப் பார்க்கத் தோன்றும்.

புதன்கிழமை அவர் நின்றார்.
அட்டையைப் பார்த்தார்.
பிறகு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக,
என் மூக்கை.
"இஸ்ம்?"
வாயில் இருந்தது என் பேர்தான்.
விழுங்கினேன். கசந்தது.

எருக்குப் பக்கம் அவள் போனாள் அப்போது,
அந்தப் போலிக்காரி.
சிறகோரத்தில் அலகின் அளவுக்கு
முக்கோணமாய் ஒரு கிழிசல்.
பிடித்திருக்கிறது; சந்தேகத்தில் விட்டிருக்கிறது.
கொஞ்சம் சாய்ந்து,
ஆனாலும் அவசரப்படாமல்.

குளோரி, என்றேன்.
அட்டை இன்னும் அவர் கையில்.