சிவப்பு அம்பு

டேப்பின் ஒரு முனையைத் தெமிர்லான் பிடித்திருந்தான்.
மறுமுனை என் கையுறைக்குள் விறைத்துக்கொண்டிருந்தது.
அறுபத்திரண்டு மீட்டர்,
கம்பளிக் காலணி செய்துகொண்டிருந்த கூடம்.
"எழுதிக்கொள்" என்றான்.
பேனாவுக்குள் மை உறைந்திருந்தது.
பென்சிலால் எழுதினேன்.

இடம் சரிதான்.
இர்த்திஷ் அணையிலிருந்து வரும் கம்பிகள்
முற்றத்துக்கு மேலேயே முனகிக்கொண்டு போகின்றன.
துணைமின் நிலையம் கல்லெறி தூரம்.
சாலை உண்டு. காவலுக்கு ஆள் உண்டு.
ஒரு நாயும் உண்டு;
அதன் சாப்பாடு யார் கணக்கில் என்று
இன்னும் பேசி முடிக்கவில்லை.

எட்டுப் பேரின் பெட்டிகள் வரப்போகின்றன.
பாவ்லதாரிலிருந்து ஒரு பல்மருத்துவர்,
குதிரை வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி,
கேமராவைத் திறக்காமலே பேசும் கொரியாக்காரர் ஒருவர்,
மற்றவர்களை எனக்கு இன்வாய்ஸில் மட்டும் தெரியும்.
ஒரே கூரை, ஒரே மீட்டர்,
ஆனால் ஒருவர் பெட்டி இன்னொருவர் பெட்டியோடு
வாய் திறக்கக் கூடாது.
அதற்குத்தான் நான்,
ஸ்விட்சுக்குள் சுவர் எழுப்புகிறவள்.
பல்மருத்துவருக்குப் பத்தாம் எண் வலை,
குதிரைக்காரர்களுக்கு இருபது,
விசிறிகளுக்குத் தனியாகத் தொண்ணூறு.
ஒரு தெருவில் இருநூற்று ஐம்பத்து நான்கு வீடு,
அதற்கு மேல் கட்டாதே என்பது
எங்கள் தொழிலின் ஊர்க்கட்டுப்பாடு.

இணையத்துக்குப் பெரிய குழாய் வேண்டுமே
என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
வேண்டாம்.
இவை அதிகம் பேசாத இயந்திரங்கள்.
நொடிக்குக் கோடி கோடி முறை
தமக்குள்ளேயே
இல்லை இல்லை இல்லை என்று முணுமுணுத்துவிட்டு
எப்போதாவது ஒருமுறை
இதோ என்கின்றன.
அந்த இதோ பிந்திப் போய்ச் சேர்ந்தால் காசு கிடையாது.
அகலம் அல்ல, அறுந்துபோகாமல் இருப்பதுதான் கேள்வி.
ரயில்பாதை ஓரமாக ஒரு கண்ணாடி இழை.
அதை எலி கடித்தாலும் பொக்லைன் கடித்தாலும்
தானியக் கிடங்கின் கோபுரத்திலிருந்து ஒரு ரேடியோ.
இரண்டும் ஒரே கம்பெனியிடம் வாங்கக் கூடாது.

மேற்குச் சுவரில் குளிர்காற்று உள்ளே: நீல அம்பு.
கிழக்குச் சுவரில் வெந்த காற்று வெளியே: சிவப்பு.
ஜூனில் பாப்லர் மரங்கள் பஞ்சு பறக்கவிடும்;
விசிறியெல்லாம் தலையணையாகிவிடும்.
மூன்று மரம்தானே, வெட்டலாமா என்றான் தெமிர்லான்.
வலை கட்டலாம் என்றேன்.
வலையின் விலை, வெட்டுக்கூலி
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம்.

அப்போதுதான் கலம்கஸ் வந்தாள்,
வேலிக்கு அந்தப்புறம் நிற்கும் ஐந்து மாடியிலிருந்து.
வீட்டு உடைக்கு மேல் ஆட்டுத்தோல் கோட்டு,
கையில் ஜன்னலிலிருந்து கழற்றிய தெர்மாமீட்டர்.
சத்தத்துக்காகச் சண்டை என்று நினைத்து
டெசிபல் கணக்கு எழுதிய தாளைத் தேடினேன்.
அவள் கேட்டது வேறு:
"அந்தச் சிவப்பு அம்பு எங்கள் பக்கம்தானே பார்க்கிறது?"

போன ஜனவரியில் நகரத்துக் கொதிகலன் வெடித்துப்
பதினொரு நாள்.
சமையலறைச் சுவரில் பனி பூத்ததாம்.
மீன்தொட்டியை அடுப்படியில் வைத்து
விடிய விடிய விழித்திருந்தாளாம்.
"வெளியே கொட்டப்போவதை
எங்கள் குழாய்க்கு அனுப்பினால் என்ன?"

தெமிர்லான் சிரிப்பான் என்று பார்த்தேன்.
டேப்பை வேலிவரை இழுத்துக்கொண்டு போனான்.
நாற்பத்தொரு மீட்டர்.
நான் அம்பை அழித்து மறுபடி வரைந்தேன்,
மறுபடி அழித்தேன்.
காகிதம் அந்த இடத்தில் மட்டும்
மெலிந்துபோனது.

"காயின் விலை விழுந்தால் அணைத்துவிடுவீர்களா?"

பல்மருத்துவரை நினைத்துக்கொண்டேன்.
ஒப்பந்தத்தில் இருக்கிறது:
முப்பது நாள் முன்னறிவிப்பு,
பிறகு பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போகலாம்.
அதைச் சொன்னேன்.
"முப்பது நாளா" என்றாள்,
தெர்மாமீட்டரைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

இணையத்துக்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன்.
இதற்கு ஒன்றுகூட முழுசாக இல்லை.

பட்டியலில் ஒன்பதாவதாக
ஐந்து மாடி என்று எழுதி
எதிரே கேள்விக்குறி போட்டேன்.
தெமிர்லான் டேப்பைச் சுருட்டினான்.
பாதியில் அது சிக்கிக்கொண்டது.