கடி எழுதுகிறவர் மனைவி

பீட்டர்ஹெட் துறைமுகத்தில்
விடிகாலை மூன்று மணிக்கு மீன் ஏற்றிக்கொண்டு
கிளாஸ்கோ போகும் குளிர்லாரி
என் கணவர் இன்னிஸ் ஓட்டுவது.
"என் பணியே பனிதான்" என்பார்.
இருபது வருடமாக என்பார்.

மீன்பெட்டியில் ஒட்டுகிற மெழுகுச் சீட்டின் பின்பக்கம்
ஈரத்திலும் பென்சில் எழுதும்.
பெர்த் தாண்டி, லாரிகள் நிற்கும் இடத்தில்
தேநீர் ஆறுவதற்குள் ஒரு ஜோக் எழுதுவார்.
ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு அதை அடிப்பார்.
அடிக்காமல் தப்பியவை வீட்டுக்கு வரும்,
லேசாகக் கவிச்சி அடித்துக்கொண்டு.

நான்தான் முதல் வாசகி.
நள்ளிரவில் தோளைத் தொடுவார்
(கல்யாணமான புதிதில் வேறென்னவோ என்று நினைத்தேன்):
"எல்ஸ்பெத், மீனுக்கு ஏன் வலைத்தளம் பிடிக்காது?"
"பேரிலேயே வலை இருக்கு. தூங்குங்க."
நான் முந்திக்கொண்டதில் அவருக்கு வருத்தமில்லை.
இழைத்த கதவு சத்தமின்றி நிலையில் பொருந்தியதைக் கேட்ட
தச்சன் மாதிரி திரும்பிப் படுப்பார்.

சட்டங்கள் என்னுடையவை.
மாமியார் கூடாது.
திக்குவாய், பருமன், அடுத்த வீட்டுக்காரர் கூடாது.
வழுக்கை மட்டும் சரி, அது அவருடைய சொந்தச் சொத்து.
விளக்கம் சொல்ல நேர்ந்தால் சீட்டு அடுப்புக்கு.

கைதட்டல் இந்தத் தொழிலில் கிடையாது.
முனகல்தான் கூலி.
ஸ்ட்ரூவனுக்கு மூக்கு வழியாகப் பால் வந்த நாளில்
போனஸ் என்று காலண்டரில் குறித்துவைத்தார்.
இஷ்பெல் கறாரானவள்.
"அப்பா, நான் ரெடி" என்பாள்.
"வணக்கம் ரெடி, நான் அப்பா."
ஏழு வயதில் விழுந்து சிரித்தாள்.
பன்னிரண்டில் கண்ணை உருட்டினாள்.
பதினைந்தில் அந்தச் சொல்லையே கைவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்,
வக்கீல் வராமல் வாய் திறக்கமாட்டேன் என்பதுபோல.

கடிகாரத்தைச் சாப்பிட்டால் என்ன ஆகும்?
நேரம் ஆகும்.
முன்னூறாவது தடவையில் அதைத் தடைசெய்தோம்.
ஃப்ரிட்ஜ் கதவில் அறிவிப்பு, நான்கு கையெழுத்து.
அவரும் போட்டார், தேதியோடு.

செப்டம்பரில் இஷ்பெல் நர்சிங் படிக்க
இன்வர்னஸ் புறப்பட்டாள்.
அந்த நாளுக்கென்று ஏழு வாரம் எழுதினார்.
பதினொரு சீட்டில் பத்தை நான் கழித்தேன்.
மிச்சமானது உண்மையிலேயே நல்ல ஜோக்,
இங்கே சொல்லமாட்டேன், அது அவளுக்கானது.

அபர்டீன் பேருந்து நிலையத்தில்
மழை பக்கவாட்டில் பெய்தது.
இன்னிஸ் சட்டைப்பையைத் தொட்டார்.
மறுபடி தொட்டார்.
சீட்டு வேறு சட்டையில்.
வாயைத் திறந்தார்.
வந்தது தடைசெய்யப்பட்டது.
"கடிகாரத்தைச்..."
தொண்டையில் ஏதோ குறுக்கே நின்றது.
"...சாப்பிட்டா என்ன ஆகும்?"

மூன்று பேருக்கும் விடை தெரியும்.
ஸ்ட்ரூவன் ஷூவைப் பார்த்தான்.
நான் குடையைப் பார்த்தேன்.
இஷ்பெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
சொன்னால் முடிந்துவிடும், பிறகு ஏற வேண்டியதுதான்.

பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த பஸ் டிரைவர்
நிமிராமலே சொன்னார்:
"நேரமாகுதும்மா. ஏறு."

முதலில் ஒரு நொடி ஒன்றுமில்லை.
அப்புறம் இஷ்பெல் முனகினாள்.
அடிவயிற்றிலிருந்து, நீளமாக,
மூன்று வருடம் சேர்த்துவைத்த பாக்கி மொத்தமும்.
பஸ்ஸில் முன்வரிசைக் கிழவர் என்னவோ என்று எட்டிப்பார்த்தார்.
டிரைவருக்கு எதுவும் புரியவில்லை,
தான் ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று
தொப்பியைச் சரிசெய்தார்.
இன்னிஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
விடாமல் குலுக்கினார்.
நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில், எலன் தாண்டும்வரை
வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.
பின்சீட்டில் ஸ்ட்ரூவன் தூங்கிவிட்டான்.

"அந்த டிரைவருக்குப் பிள்ளைங்க இருக்கும்ல?" என்றார்.
"எதுக்குக் கேக்கிறீங்க?"
"இல்ல," என்றார்,
கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு,
"டைமிங்."